நீர்பிடிப்பானை முதலில் வாங்குங்கள்

கிளிநொச்சியில் மாரி தொடங்கிவிட்டது. 1990 இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2013 செப்டம்பரில் எங்கள் நிலையத்துக்குத் திரும்பி வந்த காட்சியைச் சிறிய மாதிரியுருவாகச் செய்துகொண்டிருக்கிறேன். நேற்று மாலை முதற்பெட்டிக்கு வர்ணம் அடித்தபோது, இரண்டாவது பூச்சிலேயே ஏர்பிரஷ் (அழுத்திய காற்றால் வர்ணம் தெளிக்கும் கருவி) நீர்த்துளிகளைத் துப்பிவிட்டது. மூன்று வாரம் தேய்த்து மெருகேற்றிய பக்கம்! நெஞ்சு பதறிவிட்டது.

ஏர்பிரஷுக்குக் காற்றூட்டும் கம்பிரசர் அழுத்தும்போது காற்று சூடாகிறது. குழாயில் குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீராகத் திரள்கிறது. எங்கள் மாரிக்காலக் காற்றில் ஈரத்துக்கா குறைவு? ஆகவே தம்பி தங்கையரே, விதவிதமான ஏர்பிரஷ் ஊசிகளுக்குப் பணத்தைக் கொட்டுமுன், காற்றிலுள்ள நீரைப் பிரித்தெடுக்கும் நீர்பிடிப்பானும் அழுத்தமானியும் சேர்ந்த, காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சீராக்கியை வாங்குங்கள். 0.3 மில்லிமீற்றர் ஊசி ஒன்றே பெரும்பாலான வேலைக்குப் போதும். 0.2 நுண்கோட்டுக்கு அருமையானது, ஆனால் அக்ரிலிக் வர்ணம் வன்னி வெயிலில் அதன் நுனியில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வர்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, அழுத்தத்தை 15 முதல் 20 பிஎஸ்ஐக்குள் (அழுத்த அலகு) வைத்துப் பாருங்கள்.

கடும் ஆவி கிளப்பும் லாக்கர் வர்ணம் அடிப்பவர்கள் துணி முகக்கவசத்தை நம்ப வேண்டாம். ஆவியை வடிகட்டும் முகமூடியே வேண்டும்.

எனக்குரிய நீர்பிடிப்பான் வெள்ளிக்கிழமை கொழும்பு பஸ்ஸில் வருகிறது. அதுவரை பெட்டியை மறுபடியும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.