"சோர்ந்து கிடக்கு" என்று சொன்னதால் போன மூன்று மணி நேரம்

மாடு இப்போது கொட்டகையில் நின்று அசை போட்டுக்கொண்டிருக்கிறது. கன்றும் துள்ளுகிறது. ஆனாலும் நாலு நாளுக்கு முந்தைய அந்தக் காலையை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. கறவை வைத்திருக்கும் யாராவது ஒருத்தருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

இது அதற்கு நாலாவது ஈற்று. மாலை 6 மணிக்குக் கன்று போட்டது, இரவே நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. சீம்பாலைக் கறந்து கன்றுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனோம்.

விடிந்து போய்ப் பார்த்தால் மாடு எழவில்லை. தட்டிப் பார்த்தேன், கயிற்றைப் பிடித்து இழுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கழுத்தை வளைத்துத் தலையை விலாமேல் சாய்த்து வைத்திருந்தது. நான் நேராகத் திருப்பி வைத்தால், கையை எடுத்ததும் தலை மறுபடி அதே இடத்துக்குப் போனது. காது சில்லென்று இருந்தது. எப்போதும் ஈரமாக இருக்கும் மூக்கு நுனி காய்ந்து கிடந்தது. இவ்வளவையும் கண்ணால் பார்த்துவிட்டு, கால்நடை மருந்தகம் திறந்ததும் போய் நான் சொன்னது ஒரே வரி: "மாடு சோர்ந்து கிடக்குங்க."

பதிவு மேசையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டாக்டர் வெளியில போயிருக்கார். மாட்டைக் கூட்டிட்டு வாங்க, காதுவில்லை நம்பரும் வேணும்."

"எழுந்திரிக்கவே இல்லைங்க, எப்படிக் கூட்டிட்டு வர்றது?"

"அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க தம்பி. நம்பர் இல்லாம நான் பதிய முடியாது."

காதுவில்லை என்பது மாட்டின் காதில் மாட்டியிருக்கும் அடையாள வில்லை. அதன் நம்பர் எழுதிய அட்டை வீட்டில் இருந்தது. திரும்பிப் போனேன். தேடினால் அட்டையைக் காணோம். கடைசியில் மாட்டின் காதிலேயே ஈரத்துணியால் சாணியைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்து எழுதிக்கொண்டேன். அவர் மேசையில் போன் இருந்தது. டாக்டருக்கு ஒரு நிமிடம் பேசியிருந்தால் அந்த அலைச்சலே இருந்திருக்காது. பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதை மாடு எழுந்த பிறகு எழுதிக்கொள்ளலாம். இந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

நான் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தபோதே பக்கத்து வீட்டுப் பெரியப்பா மாட்டுக்குப் பாட்டிலில் தண்ணீர் புகட்ட வந்துவிட்டார். நல்ல மனதோடுதான் வந்தார். ஆனால் வாயோரம் வழிந்ததே தவிர மாடு விழுங்கவில்லை. பயந்துபோய் நிறுத்தச் சொன்னேன். அது நல்லதாகப் போயிற்று என்று பிறகு தெரிந்தது. இப்படிக் கிடக்கும் மாட்டுக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கும், ஊற்றியது நுரையீரலுக்குள் போய்விடும். சாய்ந்து விழாமல் இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டையை அண்டக் கொடுத்து நெஞ்சுமேல் நிமிர்ந்து படுக்க வைத்தோம். பக்கவாட்டில் நீட்டிப் படுத்தால் வயிறு உப்பி அதுவே மாட்டைக் கொன்றுவிடும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

இரண்டாவது முறை போனபோது டாக்டர் வந்திருந்தார், ஆனால் எனக்கு முன்னால் மூன்று பேர். ரத்தமாகப் பேதி போகும் ஒரு நாய்க்குட்டி. தானிய மூட்டையை அவிழ்த்துத் தின்றுவிட்டு இடது வயிறு புடைத்து நின்ற வெள்ளாடு. அப்புறம் காயடித்த கிடா ஒன்று. "இரண்டு நாளா முக்கிக்கிட்டே இருக்குய்யா, சாணி போகலை, பேதி மருந்து குடுங்க" என்றார் அதைக் கொண்டுவந்த பாட்டி. டாக்டர் கிடாவின் அடிவயிற்று முடியை விரலால் தடவிப் பார்த்தார். முடி நுனியில் மணல் மாதிரி பொடி ஒட்டியிருந்தது, ஈரமே இல்லை. "பாட்டி, இது மலச்சிக்கல் இல்லை. மூத்திரம்தான் அடைச்சிருக்கு. கல்லு." காயடித்த கிடாவுக்குத் தீவனத்தில் தானியம் அதிகமானால் இது வருமாம். பேதி மருந்து கொடுத்து அனுப்பியிருந்தால் உள்ளே மூத்திரப்பை வெடித்திருக்கும்.

அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. நான் சொன்ன "சோர்வு" என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. வரிசையை மீறி உள்ளே தலையை நீட்டினேன். "டாக்டர், நேத்து சாயங்காலம் 6 மணிக்குக் கன்னு போட்ட மாடு. நாலாவது ஈத்து. காலையில இருந்து எழவே இல்லை, தலையை விலாவில சாய்ச்சிருக்கு, காது சில்லுனு இருக்கு."

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே எழுந்துவிட்டார். "இதை ஏன் வந்ததுமே சொல்லலை?" கிடாவைப் பார்த்துக்கொள்ள உதவியாளரிடம் சொல்லிவிட்டுப் பையோடு வண்டியில் ஏறினார். அப்போது மணி 11.

பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், சூடு பார்த்தபோது 99 டிகிரிதான் இருந்தது. நல்ல மாட்டுக்கு 101.5 இருக்க வேண்டும். கன்று போட்டதும் மடியில் பால் ஊறுவதற்கு ரத்தத்தில் இருக்கும் கால்சியம் ஒரேயடியாக இறங்கிவிடுகிறது, உடம்பு அசைய மறுக்கிறது. மூன்றாவது ஈற்றுக்கு மேல் போன, நிறையக் கறக்கும் மாட்டுக்குத்தான் பெரும்பாலும் வரும். ஈன்ற முதல் மூன்று நாள்தான் கண்டம்.

கழுத்து நரம்பில் கால்சியம் ஏற்றினார். துளித்துளியாக இறங்குவதைப் பார்த்து எனக்குப் பொறுமை போய், கொஞ்சம் வேகமாக விடலாமா என்று கேட்டேன். "வேகமா விட்டா இதயம் நின்னுடும் தம்பி" என்றவர், கடைசிவரை ஸ்டெதாஸ்கோப்பை மாட்டின் நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை. பாதி பாட்டில் இறங்கியபோது தொடைச்சதை நடுங்கியது. பிறகு பெரிதாக ஒரு ஏப்பம். காய்ந்து கிடந்த மூக்கு நுனியில் ஊசிமுனை அளவுக்கு வியர்வை முத்துகள் ஒவ்வொன்றாகத் துளிர்த்தன. சாணி போட்டது. பாட்டிலைக் கழற்றிக் கொஞ்ச நேரத்தில் பின்கால்களை ஊன்றி, தள்ளாடி, நின்றேவிட்டது. பெரியப்பா அழுதுவிட்டார். நானும்தான்.

நான் செய்த இரண்டு தப்பையும் டாக்டர் சொன்னார். முதல் இரவே மடியைச் சொட்டுவிடாமல் கறந்தது ஒன்று. இப்படிப்பட்ட மாட்டுக்கு முதல் இரண்டு நாள் மடியில் கொஞ்சம் பால் விட்டுத்தான் கறக்க வேண்டும். இன்னொன்றுதான் எனக்கு வலித்தது. ஈனுவதற்கு முன் பால் வற்றிய இரண்டு மாதமும் மாடு நன்றாக இருக்கட்டும் என்று தினமும் கால்சியம் டானிக் கொடுத்து வந்தேன். வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடுமாம். ஈன்றதும் திடீரென்று தேவைப்படும்போது அதற்கு எடுக்கத் தெரியாது. சினைக்காலத்தின் கடைசியில் டாக்டரைக் கேட்காமல் எந்த டானிக்கும் கொடுக்காதீர்கள்.

மறுநாள் காலையில் காது மறுபடி குளிர ஆரம்பித்தது. சில மாடுகளுக்கு இப்படித் திரும்பி வரும் என்று முன்பே சொல்லியிருந்தார். இந்த முறை போனில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், மாடு விழுவதற்கு முன்பே வந்துவிட்டார். காதுவில்லையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், மதியம் மேசையில் அதைக் காட்டியதும் ஒரு நிமிடத்தில் பதிந்தாயிற்று. இரண்டாவது முறை தோலுக்கடியில் போட்ட ஊசியால் கழுத்தோரம் ஒரு வீக்கம் இருக்கிறது. காலையும் மாலையும் வெந்நீர் ஒற்றடம் கொடுக்கிறேன், நேற்றைக்கு இன்று பாதியாகிவிட்டது.