எடை மேடையின் 21-ஆம் எண்

சேரன்மகாதேவிப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையின் மின்பராமரிப்பு என் பொறுப்பு. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணி கரைகடந்தபோது, அலுவலகத்திலிருந்து எடை மேடை, கொதிகலன் அறை, நெற்களம், கிட்டங்கி ஆகிய நான்கு இடங்களுக்கும் மண்ணுக்குள் சென்றிருந்த டெலிபோன் கேபிள் சேற்றில் ஊறிக் கெட்டுப்போயிற்று. அலுவலகச் சுவரில் ஆளுயரத்துக்கு மேல் மாட்டியிருந்த 24 இணைப்பு இன்டர்காம் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. தலை பிழைத்தது, கைகால்கள் போயின.

இனி அவரவர் செல்போனிலேயே பேசிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் முடிவாயிற்று. அந்த ஏற்பாடு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இன்டர்காமில் 21 என்பது எடை மேடை என்ற இடத்தின் எண். அங்கே எந்த ஷிப்டில் யார் இருந்தாலும் அவர் எடுப்பார். செல்போன் எண்ணோ ஆளின் எண். இரவு ஷிப்டை முடித்து வீட்டில் உறங்குகிறவரை எழுப்பி, வாசலில் நிற்கும் நெல் லாரியின் எடையைக் கேட்கும் கூத்து வாரத்துக்கு இரண்டு முறையாவது நடந்தது. ஆகவே பழைய எண்கள் நான்கும் இடம் மாறாமல் இருக்க வேண்டும், கேபிள் மட்டும் வைஃபையாக மாற வேண்டும் என்று முதலாளி அண்ணாச்சியிடம் சொன்னேன். பெட்டியையே தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்று ஆலோசனை சொன்னவர்களும் உண்டு. நன்றாக ஓடுகிற பெட்டியைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

பழைய பெட்டியையும் வைஃபையையும் இணைக்க, நடுவில் மொழிபெயர்ப்பாளரைப்போல ஒரு கேட்வே பெட்டி வேண்டும். இதை வாங்கும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். டெலிபோன் கம்பிக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரத்தையும் மணியடிக்கும் மின்னோட்டத்தையும் கொடுக்கும்; மறுமுனை அதை வாங்கிக்கொள்ளும். கொடுக்கும் முனைக்கு எஃப்எக்ஸ்எஸ் என்றும், வாங்கும் முனைக்கு எஃப்எக்ஸ்ஓ என்றும் பெயர். இன்டர்காம் பெட்டியின் 21-ஆம் இணைப்பு கொடுக்கும் முனை என்பதால், அதில் மாட்டுகிற கேட்வே ஒரு டெலிபோனைப்போல நடிக்கிற எஃப்எக்ஸ்ஓ வகையாக இருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்து சேர்ந்தது எஃப்எக்ஸ்எஸ் பெட்டி. கொடுக்கிற இரண்டைச் சேர்த்துக் கட்டினால் பேச்சு வராது, புகை வந்தாலும் வரும். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, நான்கு எஃப்எக்ஸ்ஓ துளைகள் கொண்ட பெட்டியை வரவழைத்தேன்.

கேட்வேக்கும் ஸ்மார்ட்போன்களுக்கும் நடுவே ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் ஆஸ்டெரிஸ்க் ஓடுகிறது. மார்க் ஸ்பென்சர் 1999-இல் எழுதத் தொடங்கிய, அழைப்புகளை இணைத்துவிடும் இலவச மென்பொருள் அது. யார் யாரை அழைக்கிறார் என்ற செய்தியை சிப் (எஸ்ஐபி) என்னும் நெறிமுறை எடுத்துச் செல்லும். பேச்சு தனித் தரவுப் பொட்டலங்களாகப் போகும். அழைப்பவர் முதலில் ஒரு பொது எண்ணை அழுத்தி, டோன் வந்தபின் வேண்டிய எண்ணை அழுத்துவதுதான் கேட்வேக்களில் வழக்கமான ஏற்பாடு. மோட்டார் இரைச்சலுக்கு நடுவே டோனைக் காதில் வாங்குவது ஆகிற காரியமா? அதனால் ஒவ்வொரு துளையையும் ஓர் இடத்துக்கே எழுதிவைத்தேன். அலுவலகத்தில் 21 அழுத்தினால் முதல் துளையில் மணியடிக்கும். எடை மேடையில் இருக்கும் ஸ்மார்ட்போன் ஒலிக்கும். அங்கிருந்து அழைத்தாலும் அதே துளை வழியாகத்தான் பேச்சு வெளியேறும். பழைய பெட்டியைப் பொறுத்தவரை 21-இல் இன்னும் ஒரு டெலிபோன்தான் இருக்கிறது. அதற்கு முன்பு போட்டிருந்த எஸ்டிடி பூட்டும், அதாவது வெளியூர் அழைப்புத் தடையும், அப்படியே செல்லுபடியாகிறது.

வேகம் போதுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பேச்சை எண்களாக்கும் ஜி.711 என்ற முறையில் ஒரு பேச்சை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64 கிலோபிட் ஆகும். பொட்டலங்களின் மேலுறைகளையும் சேர்த்தால் ஒரு திசைக்கு ஏறத்தாழ 87. நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. நொடிக்கு 50 பொட்டலங்களும் சீரான இடைவெளியில் வந்து சேர்கின்றனவா என்பதுதான் கேள்வி; தாமதமாக வந்த பொட்டலம் வராத பொட்டலத்துக்குச் சமம்.

முதல் நாளே களத்திலிருந்து புகார் வந்தது. "மணி அடிக்குல்லா அண்ணாச்சி, எடுத்தா நான் பேசுறது அங்க கேக்கு, அவ்வொ பேசுறது இங்க கேக்கல." பாதிப் பேச்சு மட்டும் கேட்டால் கருவிகளின் வலை முகவரிக் குழப்பம் என்று பெரும்பாலும் முடிவுகட்டிவிடலாம். களத்தில் வைத்த இரண்டாவது ரவுட்டரில், அலுவலகத்துக் கம்பியை இணையம் நுழைய வேண்டிய துளையில் சொருகியிருந்தேன். அதனால் களம் மட்டும் தனி வலையாகப் பிரிந்தது. அந்த வலைக்குள் மட்டுமே செல்லுபடியாகும் முகவரியை, பேச்சை இங்கே அனுப்புங்கள் என்று சிப் செய்தி வெளியே சொல்லிக்கொண்டிருந்தது. கம்பியைப் பக்கத்துத் துளைக்கு மாற்றி, அந்த ரவுட்டர் முகவரி வழங்குவதை நிறுத்தியதும் சரியாயிற்று.

என்னைப் பத்து நாள் அலைக்கழித்தது வேறொன்று. காலையில் வந்து பார்த்தால், யாருமே பேசாத 21 எங்கேஜ்டாகவே இருக்கும். ஸ்மார்ட்போனில் பேச்சை முடித்தால் அந்தச் செய்தி உடனே கேட்வேக்குப் போய்விடும். ஆனால் அலுவலகத்தில் இருப்பவர் ரிசீவரை முதலில் வைத்துவிட்டால், இன்டர்காம் பெட்டி கேட்வேயிடம் அதை வேறெப்படியும் சொல்லாது. எங்கேஜ் டோனை ஊதும், அவ்வளவுதான். மனிதக் காது அதைக் கேட்டதும் ரிசீவரை வைக்கும். கேட்வே அமெரிக்க அமைப்போடு வந்திருந்தது: 480, 620 ஹெர்ட்ஸ் ஒலிகள் இரண்டும் சேர்ந்து அரை நொடி ஒலித்து அரை நொடி ஓய்ந்தால்தான் பேச்சு முடிந்தது என்று அது புரிந்துகொள்ளும். இந்தியாவின் எங்கேஜ் டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி ஓய்வு. அதைப் போட்டும் சரிப்படவில்லை. கடைசியில் எங்கள் பெட்டி ஊதுவதைச் செல்போனில் பதிவுசெய்து, கணினியில் அலைகளை அளந்து பார்த்தேன். ஒலியும் ஓய்வும் அரை அரை நொடிதான். அந்த எண்களை எழுதிய பிறகு 21 காலையில் காலியாகவே இருக்கிறது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் இந்த அளவை முதல் நாளே எடுத்துவிடுவது நல்லது.

ஸ்மார்ட்போன்களின் தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், சார்ஜரில் இல்லாமல் அசையாமல் கிடக்கிற போன் பேட்டரியைச் சேமிப்பதற்காகச் செயலிகளை உறங்க வைக்கும், மணியே அடிக்காது. நான்கு போன்களிலும் இன்டர்காம் பேசுகிற செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கினேன். போன்கள் இடத்தைவிட்டுப் போகாமல் இருக்க, சார்ஜரோடு மரப்பெட்டி அடித்து மாட்டியிருக்கிறோம்.

கொதிகலன் அறைக்கு மட்டும், வைஃபை இருந்தாலும், குழாய்க்குள் புதுக் கம்பி இழுத்து ஒரு பழைய டெலிபோனையும் வைத்தேன். அண்ணாச்சி இரட்டைச் செலவு என்றார். கம்பிவழிப் போனுக்கு மின்சாரம் பெட்டியிலிருந்தே வருகிறது. பெட்டியின் பேட்டரி உள்ளவரை அது பேசும். வைஃபை வழியில் ரவுட்டர், கேட்வே, ராஸ்பெர்ரி பை, போன் ஆகிய நான்கும் உயிரோடு இருக்க வேண்டும். நீராவி இருக்கிற இடத்தில் அந்த நான்கையும் நம்பி நான் உறங்க மாட்டேன்.

சென்னையில் படிக்கும் மகனும் இணையம் வழியாக இந்த இன்டர்காமில் சேரலாமே என்று அண்ணாச்சி கேட்டார். மறுத்துவிட்டேன். சிப்புக்கான 5060-ஆம் வாசலை (போர்ட்டை) இணையத்துக்குத் திறந்துவைத்தால், கடவுச்சொல்லை ஊகித்து வெளிநாட்டு அழைப்புகளை நம் கணக்கில் ஏற்றுகிற நிரல்கள் கதவைத் தட்டத் தொடங்கிவிடும். வெளியூர்ப் பேச்சை இணையத்தில் கொண்டுவந்து உள்ளூர்த் தரைவழித் தடத்தில் இறக்கிக் கட்டணத்தைத் தவிர்ப்பது சட்டவிரோதமும்கூட. ஆலையின் மதில்தான் எங்கள் எல்லை.

பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து கிட்டங்கியில் நெல் மூட்டைகள் ஏறியதும், அதுவரை ஒழுங்காக இருந்த 29-ஆம் எண் விட்டு விட்டுப் பேசியது. ஈரமுள்ள தானியம் ரேடியோ அலையை விழுங்கும். விமானத்துக்குள் வைஃபை எப்படிப் பரவுகிறது என்று அறிய, பயணிகளுக்குப் பதிலாக இருக்கைகளில் உருளைக்கிழங்கு மூட்டைகளை வைத்து போயிங் நிறுவனம் சோதித்ததாக 2012-இல் செய்தி வந்தது. எங்களுக்கு அந்தச் சோதனை செலவில்லாமலே நடந்துவிட்டது. பேச்சுக்கு மைனஸ் 67 டிபிஎம் அளவு சமிக்ஞை வேண்டும் என்பார்கள்; எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம். மூட்டைகளின் மறுபக்கத்தில் மைனஸ் 80-தான் கிடைத்தது. வைஃபை கருவியைச் சுவரிலிருந்து கழற்றி, அடுக்குக்கு மேலே கூரை உத்தரத்தில், கீழ்நோக்கிக் கட்டிவிட்டேன். இப்போது மைனஸ் 63 காட்டுகிறது.