ஆளுயரப் பொம்மைக்குப் பீடம் வேண்டுமா?

சினிமா, காமிக்ஸ் நாயகர்களை ஆளுயரத்தில் செய்து வீட்டில் வைக்கிற பொம்மைகளில், பீடம் இல்லாமல் வெறுந்தரையில் நிற்பதற்கு இருக்கும் மிரட்டலே தனி. கதவைத் திறந்ததும் ஹால் மூலையில் நிஜமாகவே ஒருவர் நிற்கிற மாதிரி இருக்கும். அதையே பீடத்தில் ஏற்றினால் கொஞ்சம் ஜவுளிக்கடை வாசனை வந்துவிடுகிறது. அதனால்தான் வாங்குகிறவர்களில் பலர் “பேஸ் வேண்டாம்” என்று சொல்லிவிடுகிறார்கள். (ஆங்கிலத்தில் இதை “ஃபிகர்” என்பார்கள். அப்படியே எழுதினால் தமிழில் வேறு அர்த்தம் வந்துவிடும். பொம்மை என்றே வைத்துக்கொள்வோம்.) பீடத்தை எடுத்துவிடலாம், தப்பில்லை. ஆனால் அது செய்துகொண்டிருந்த வேலையை வேறு ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும்.

ஆறடி ஃபைபர் பொம்மை ஒன்று, எடை 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உள்ளே காலி, தோல் 3 முதல் 5 மி.மீ. கனம். அதன் எடை மையம் ஏறத்தாழ இடுப்பருகே, தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்தில் இருக்கும். அங்கிருந்து ஒரு தூக்குக்குண்டு விட்டால் பாதத்தின் நடுவில் எங்கோ விழும். அந்தப் புள்ளிக்கும் கால்விரல் நுனிக்கும் நடுவே 10 செ.மீ. என்றால், பொம்மை 6 டிகிரி சாய்வதற்குள்ளேயே கவிழ்ந்துவிடும். தோளுயரத்தில், அதாவது 150 செ.மீ.யில், அதைத் தள்ளத் தேவையான விசை 25 × 10 ÷ 150, சுமார் 1.7 கிலோ. விருந்தாளி தோளில் கைபோட்டு செல்ஃபி எடுக்கும்போது அதைவிட அதிகமாகவே தள்ளுவார்.

அதே பொம்மையை 60 × 60 செ.மீ. பீடத்தின் நடுவில் நிறுத்துங்கள். பீடம் 5 மி.மீ. இரும்புத் தகடு என்றால் 14 கிலோ வரும். இப்போது கவிழ்க்க 7.8 கிலோ வேண்டும். தகட்டுக்குப் பதில் 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டினால் பீடத்தின் எடை 8 கிலோதான், ஆனாலும் 6.6 கிலோ வேண்டியிருக்கிறது. கிட்டத்தட்ட பாதி எடை குறைந்தும் பெரிய நஷ்டமில்லை. காப்பாற்றுவது பெரும்பாலும் அகலம்தான்.

இதனால்தான் “காலுக்குள் மணல் நிரப்பு, அசையாது” என்கிற யோசனையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இரண்டு கெண்டைக்காலிலும் சேர்த்து 10 கிலோ போட்டால் 1.7 கிலோ என்பது 2.3 ஆகும், அவ்வளவுதான். போட்டே தீருவேன் என்றால் சலித்து நன்றாகக் காயவைத்த மணலைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி இறக்குங்கள். ஈரமணலை அப்படியே கொட்டினால் உள்ளே இருக்கும் இரும்புக் குழாய் துருப்பிடிக்கும், திரும்ப எடுக்கவும் வழியிருக்காது.

உங்கள் பொம்மையின் எடை மையத்தைக் கண்டுபிடிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். பழைய மெத்தை விரிப்பைப் போட்டு, அதன்மேல் ஒரு பி.வி.சி. குழாயை வைத்து, இரண்டு பேராகப் பிடித்துப் பொம்மையை அதில் மல்லாத்துங்கள். தராசுபோல எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் உயரம். முன்பின் கணக்குக்கு ஒரு பலகையின் இரண்டு முனையிலும் எடை பார்க்கும் மெஷின் ஒவ்வொன்றை வைத்து, நிறுத்திப் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி 50 செ.மீ., குதிகால் பக்கம் 16 கிலோ, விரல் பக்கம் 9 கிலோ காட்டினால், மையம் குதிகால் பக்க மெஷினிலிருந்து 18 செ.மீ. தள்ளி இருக்கிறது. பலகையின் எடையை முதலில் கழித்துவிட மறக்காதீர்கள்.

பீடம் செய்வதானால் சதுரமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பொம்மை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் நீட்டுங்கள். பாதத்துக்குள் 6 மி.மீ. தகடு வைத்து அதில் நட்டை வெல்டிங் செய்திருக்க வேண்டும். பீடத்தின் அடியிலிருந்து காலுக்கு இரண்டு எம்10 (10 மி.மீ. விட்டம்) போல்ட். ஒன்று மட்டும் போட்டால் பாதம் திருகிக்கொள்ளும். போல்ட் தலை தரையில் இடிக்காதபடி அடியில் குழி எடுத்து, அகலமான வாஷரும் ஸ்பிரிங் வாஷரும் போடுங்கள். மரம் கொஞ்சம் அமுங்கும் என்பதால் ஒரு மாதம் கழித்து மறுபடி முறுக்க வேண்டும். பசைபோட்டு நிரந்தரமாக ஒட்டாதீர்கள். அபார்ட்மெண்ட் லிஃப்ட்டின் வாசல் பெரும்பாலும் 2 மீட்டர் உயரம்தான். ஆறேகால் அடிப் பொம்மை 10 செ.மீ. பீடத்தோடு நேராக நின்று உள்ளே போகாது.

எனக்குப் பிடித்தது 3–4 செ.மீ. உயரப் பீடம். கண்ணுக்குத் தொந்தரவில்லை. ஒரே தொல்லை, கறுப்பு நிறத்தில் செய்தால் இருட்டில் வீட்டில் எல்லோருடைய சுண்டுவிரலும் அதில்தான் போய் இடிக்கும். அடியில் ரப்பர் பட்டை வேண்டாம், மார்பிளில் கறை விடும். ஃபெல்ட் துண்டும் வேண்டாம், வீடு துடைக்கும் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நைலான் குமிழ் சரியாக இருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் செய்த பீடம் அதே தண்ணீரில் ஓரம் உப்பிப்போகும்.

பீடமே இல்லாமல் நிறுத்த நம்பகமான வழி இரண்டு. முதலாவது சுவரோடு கட்டுவது. ஃபைபர் தோலில் நேராக ஸ்க்ரூ ஏற்றினால் 4 மி.மீ. கனம் தாங்காது, பிய்த்துக்கொண்டு வரும். மேலங்கி, கவசம், காலர் எது மறைக்கிறதோ அதற்குள்ளே மார்பைச் சுற்றி 1.5 மி.மீ. ஸ்டீல் வயரை ஒரு சுற்று சுற்றிப் பின்னால் எடுங்கள். சுவரில் 8 மி.மீ. ராவல் பிளக், 50 மி.மீ. ஸ்க்ரூ, கண் கொக்கி. ஜிப்சம் தடுப்புச் சுவர் இதற்கு ஆகாது. ஒரே வயர் முன்னால் விழுவதை மட்டும் தடுக்கும், பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்காது. எனவே ‘வி’ வடிவில் இரண்டு. நைலான் தூண்டில் நரம்பு கண்ணுக்குத் தெரியாதுதான், ஆனால் நாளாக நாளாக நீண்டு தொய்ந்துவிடும். வயருக்கு நடுவில் சின்ன டர்ன்பக்கிள் (திருகினால் இறுகும் இணைப்பு) வைத்தால் இழுவையைச் சரிசெய்துகொள்ளலாம்.

இரண்டாவது வழி, தரையில் எம்10 கம்பி நட்டு அதில் பாதத்தைச் சொருகுவது. டைல்ஸைத் துளைக்கும்போது ட்ரில்லின் ஹேமர் ஓடக்கூடாது. டைல் முழுசாகத் துளைந்தபின்தான் ஹேமர். கெமிக்கல் ஆங்கர் (கம்பியைத் துளையில் பிடித்துவைக்கும் பசை) ஊற்றுமுன் துளையில் இருக்கும் தூசியை ஊதி வெளியேற்றாவிட்டால் கம்பி பிடிக்காது. வாடகை வீட்டில் இதை நினைக்கவே வேண்டாம். சொந்த வீட்டிலும் குளியலறையை ஒட்டிய இடத்தில் தரைக்கடியில் குழாய் போகலாம். கோயில் உற்சவர் சிலைகளின் பீடத்தில் வளையமும் துளையும் இருப்பது கவனித்திருப்பீர்கள், தோளில் தூக்கிப் போகும்போது கட்டி நிறுத்துவதற்காக வைத்தவை. நம் ஸ்தபதிகளுக்கு இந்தக் கவலை என்றைக்கோ வந்துவிட்டது.

எந்த வழியானாலும் முதலில் விரிசல் விடுவது கணுக்கால். உள்ளே போகும் இரும்புக் குழாய் பாதத் தகடு வரை வராமல் கணுக்காலோடு நின்றிருந்தால், ஒவ்வொரு அசைவும் அந்த இடத்தில்தான் வளைக்கும். வாங்கும்போதே தோளை 2 செ.மீ. தள்ளிப் பாருங்கள். கணுக்கால் தனியாக மடங்கினால் அது பீடத்தில் நின்றாலும் நிற்காது. பால்கனியும் வேண்டாம். தண்ணீர் வடிய மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு கொடுத்திருப்பார்கள், ரசமட்டம் வைத்தால் தெரியும். பீடமில்லாப் பொம்மையின் மொத்தச் சமநிலையில் பத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். பெயிண்டை வெயில் மஞ்சளாக்குவது தனிக்கதை.

வாளையோ சுத்தியலையோ ஓங்கிய போஸ் என்றால் சீலிங் ஃபேனை மறந்துவிடாதீர்கள். நுனி 2.4 மீட்டரைத் தாண்டினால், ஃபேன் இறக்கையின் உயரத்தை அளந்த பிறகே இடத்தை முடிவு செய்யுங்கள். கையும் ஆயுதமும் காந்தத்தில் கழன்று வருகிற மாதிரி இருந்தால் யாராவது பிடித்து இழுத்தாலும் கை மட்டும் வரும், பொம்மை வராது.

துணி உடுத்தியவற்றில் ரெக்ஸின்தான் பெரிய தலைவலி. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் சில வருடங்களில் செதில் செதிலாக உதிரும், எதைப் பூசினாலும் நிற்காது. தூசிக்கு மென்மையான பெயிண்ட் பிரஷ் போதும், மேலிருந்து கீழாக. மைக்ரோஃபைபர் துணி கூர்மையான ஓரங்களில் சிக்கி இழுக்கும், தின்னர் பெயிண்டையே கரைக்கும். துடைக்கும்போது பொம்மையின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், நீட்டிய கையை அல்ல.