உப்பளமும் குலசை வேஷமும்

அப்பா போன வாரம் தவறிவிட்டார். வயது 91. நிறைவான வாழ்க்கைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

வாழ்நாளின் பெரும்பகுதி தூத்துக்குடி உப்பளத்தில் உழைத்தவர். வெயில் ஏறும் முன்பே பாத்தியில் இறங்கி உப்பு வாரத் தொடங்கிவிடுவார். பாதமெல்லாம் வெடிப்பு. வடகிழக்குப் பருவமழை வந்தால் உப்பு வேலை நின்றுவிடும், அப்போது சுமை தூக்கவும் போவார். எங்கள் நாலு பேரையும் அப்படித்தான் படிக்க வைத்தார்.

தசரா வந்தால் மட்டும் அவர் வேறு ஆள். குலசை என்கிற குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு விரதம் இருந்து, வருஷத்துக்கு ஒரு வேஷம் கட்டி, அம்மனுக்குக் காணிக்கை வசூலிப்பார். கரடி, போலீஸ், குறத்தி... அதிலும் அந்தக் குறத்தி! எங்கள் வாசலிலேயே வந்து நின்று அம்மாவின் கையைப் பிடித்து, "உன் வீட்டுக்காரன் தங்கமான ஆளு தாயி, அவனத் திட்டாத" என்று குறி சொன்னார். தெருவே சிரித்தது. அம்மா கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வசூலான காணிக்கையில் ஒரு ரூபாய் குறையாமல் கோயில் உண்டியலில் போட்டுவிடுவார், வீட்டில் எவ்வளவு கஷ்டம் இருந்தாலும் சரி.

80 தாண்டிய பிறகும் பேரப்பிள்ளைகளுக்கு முகத்தில் சாயம் பூசிவிட்டது அவர்தான்.

அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் வேஷம் கட்டிய பழைய போட்டோ யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அப்போது எங்களிடம் கேமரா கிடையாது.