முன்பக்கம் இறங்கிப்போன வேலியண்ட்: போல்ட்டில் கை வைப்பதற்கு முன்

பழைய கார் ஒன்று முன்பக்கம் தாழ்ந்து நின்றால், பார்க்கிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "போல்ட்டைக் கொஞ்சம் ஏத்திவிடு, சரியாகிடும்." அவர்கள் சொல்வது முன் சஸ்பென்ஷனின் உயரத்தை மாற்றும் அட்ஜஸ்டிங் போல்ட்டை. என் 1970 பிளிமத் வேலியண்ட்டுக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஏற்றினால் கார் உயரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கார் ஏன் இறங்கியது, எந்த மூலை எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்று தெரியாமல் ஏற்றுவது எனக்குப் பிடிக்காத வேலை. அந்த போல்ட் உயரத்தை மட்டும் மாற்றுவதில்லை. நான்கு சக்கரங்களும் எடையைப் பங்கு போட்டுக்கொள்ளும் விதத்தையும் சேர்த்தே மாற்றுகிறது.

வேலியண்ட்டின் முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங் கிடையாது. பிளிமத்தின் தாய் நிறுவனமான கிரைஸ்லர் 1957 மாடல் கார்களில் டார்ஷன் பாரைக் கொண்டுவந்தது. வேலியண்ட்டும் கடைசிவரை அதிலேயே ஓடியது. இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒவ்வொரு எஃகுக் கம்பி. முன் முனை, சக்கரத்தைத் தாங்கும் கீழ் கன்ட்ரோல் ஆர்மில், பின் முனை கியர்பாக்ஸுக்கு அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்தில். முனைகள் அறுகோணமாக இருப்பதால் நழுவாது. சக்கரம் மேலே போனால் ஆர்ம் திரும்பும், கம்பி முறுக்கிக்கொள்ளும். ஈரத்துணியைப் பிழியும்போது கையை எதிர்த்துத் திரும்பப் பார்க்குமே, அதுதான் இங்கே ஸ்பிரிங். ஆர்முக்கு அடியில் இருக்கும் அட்ஜஸ்டிங் போல்ட், கம்பிக்கும் ஆர்முக்கும் நடுவில் உள்ள கோணத்தை மாற்றும். வலஞ்சுழியாகத் திருகினால் அந்தப் பக்கம் உயரும், இடஞ்சுழியாகத் திருகினால் இறங்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. போல்ட்டை இறுக்கினால் சஸ்பென்ஷன் கெட்டியாகும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. கம்பி எவ்வளவு கெட்டி என்பது அதன் விட்டத்தையும் நீளத்தையும் எஃகையும் பொறுத்தது. திருகுவதால் இதில் எதுவும் மாறுவதில்லை. நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது கம்பி தாங்கவேண்டிய எடை ஏறக்குறைய அதேதான், அதனால் அதன் முறுக்கும் ஏறக்குறைய அதேதான்; ஆர்ம் நிற்கும் கோணம்தான் மாறுகிறது. கெட்டியாக வேண்டுமென்றால் தடித்த கம்பி போட வேண்டும். விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் கெட்டித்தன்மை கூடும். என் காரில் இருப்பது ஆறு சிலிண்டருக்கான 0.83 அங்குலக் கம்பி, சில வி8 கார்களில் வந்தது 0.87 அங்குலம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் கணக்குப் போட்டால் 20 சதவீதத்துக்கு மேல் கெட்டி.

சரி, அளவுக்கு வருவோம். மட்கார்டு விளிம்பிலிருந்து தரைக்கு டேப் பிடிப்பதுதான் பலருடைய வழக்கம். ஐம்பது வருடக் காரில் மட்கார்டை நம்ப முடியாது. யார் எப்போது கழற்றி மாட்டினார்களோ. டயரை மாற்றியிருந்தாலும் அந்த அளவு பொய் சொல்லும். கிரைஸ்லர் சர்வீஸ் மேனுவலில் உள்ள முறை எனக்கு மிகவும் பிடிக்கும். கீழ் ஆர்மில் அட்ஜஸ்டிங் போல்ட் தள்ளும் தகட்டின் அடிப்பகுதியிலிருந்து தரைக்கு ஓர் அளவு. அதே பக்கத்தில் பால் ஜாயின்ட்டோடு (ஆர்மையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் உருண்டை மூட்டு) சேர்ந்திருக்கும் ஸ்டியரிங் ஆர்மின் அடிப்பகுதியிலிருந்து தரைக்கு இன்னோர் அளவு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் சஸ்பென்ஷன் உயரம். இரண்டு அளவுமே அதே தரையிலிருந்து எடுப்பதால் டயர் உயரம் கணக்கிலேயே வராது. மிஞ்சுவது ஆர்ம் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பது மட்டும். நமக்குத் தெரியவேண்டியதும் அதுதான். எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வருடத்துக்கும் மாடலுக்கும் ஏற்ப மாறும், அதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் எட்டில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

அளப்பதற்கு முன் தரை மட்டமாக இருக்க வேண்டும், டேங்க் நிறைய பெட்ரோல், டயரில் சரியான காற்று, உள்ளே ஆளும் சாமானும் இல்லாமல். பம்பரைப் பிடித்து நாலைந்து முறை ஆட்டி, கீழே போகும்போது கையை விட வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய கார் என்றால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தொங்கும்போது சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி நிற்கும். இறக்கியதும் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு விரிய மறுக்கும். அதனால் கார் இருக்கவேண்டியதைவிட உயரமாகவே நிற்கும். ஒரு சக்கரச் சுற்று முன்னே, ஒரு சுற்று பின்னே தள்ளிவிட்டு, அப்புறம் ஆட்டி அளக்க வேண்டும். இதைச் செய்யாமல் அளக்கிறவர்கள் போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பார்கள்.

என் காரில் அளந்தபோது இரண்டு பக்கமும் உயரம் குறைவு, ஆனால் வித்தியாசம் 3 மி.மீ.க்குள்தான் இருந்தது. அளவுகோலை மட்டும் கேட்டிருந்தால், இரண்டு போல்ட்டையும் ஒரே அளவு ஏற்றினால் முடிந்தது என்று சொல்லியிருக்கும். ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, ஈரச் சாலையில் அழுத்திப் பிரேக் பிடித்தால் வலது முன்சக்கரம் எப்போதும் முதலில் சுழலாமல் பூட்டிக்கொண்டது, வண்டி லேசாக இடப்பக்கம் இழுத்தது. பிரேக்கில் குறை எதுவும் இல்லை, எல்லாம் பார்த்தாயிற்று. இரண்டு, அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், இடது அட்ஜஸ்டிங் போல்ட் வலதைவிட வெகுதூரம் உள்ளே போயிருந்தது. வலது போல்ட்டில் மரைகள் முழுக்கப் பழைய மண்ணும் கிரீஸும் கெட்டிப்பட்டு ஒட்டியிருந்தன. இடது போல்ட்டின் தலையிலோ ஸ்பேனர் நழுவிய வெள்ளைத் தழும்புகள். யாரோ இடதை மட்டும் பலமுறை ஏற்றியிருக்கிறார்கள்.

போல்ட் வித்தியாசம் மட்டுமே சாட்சி ஆகாது. இரண்டு கம்பிகள் ஒரே மாதிரி தளர்வதில்லை, ஒன்று கொஞ்சம் அதிகமாக முறுக்கு இழந்திருக்கலாம். உறுதிப்படுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. முன்சக்கரங்கள் தரையில் இருக்க, அவற்றுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, பின் ஆக்ஸிலின் நட்டநடுவில், டிஃபரன்ஷியல் பெட்டிக்கு அடியில் டிராலி ஜாக்கியை வைத்துப் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து லேசாகத் தூக்க வேண்டும். இப்போது பின்பக்கம் ஒரே புள்ளியில் நிற்கிறது, இடமோ வலமோ சாயாமல் பிடித்து நிறுத்த அதனால் முடியாது. கார் எப்படிச் சாய்கிறதோ அது முன்பக்கத்தின் சொந்தச் சாய்வு. முன்னால் ஸ்வே பார் (இரண்டு பக்கத்தையும் இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இருந்தால் ஒருபக்க லிங்க்கை முதலில் கழற்றிவிட வேண்டும். என் காரில் அது இல்லை. இந்தச் சோதனையின்போது காருக்கு அடியில் யாரும் போகக் கூடாது. பக்கவாட்டில் நின்று, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்புக்கு எடுக்கும் அளவு முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒப்பிட்டாலே போதும்.

தூக்கியதும் கார் வலப்பக்கம் சாய்ந்தது. நான்கு சக்கரத்தில் நேராக நின்ற அதே கார்! அதாவது முன்பக்கம் தன் போக்கில் இடதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, பின்பக்கம் இடதைத் தாழ்த்திக்கொண்டிருந்தது, இரண்டும் சண்டையிட்டுச் சமன் ஆகியிருந்தன. பின் இடது லீஃப் ஸ்பிரிங்கை (வளைந்த எஃகுத் தகடுகளாலான ஸ்பிரிங்) பார்த்தேன், வளைவே இல்லாமல் தட்டையாகக் கிடந்தது. கதை புரிந்துவிட்டது. எப்போதோ பின் இடது தளர்ந்து கார் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பின் ஸ்பிரிங்கைத் தொடாமல் முன் இடது போல்ட்டை ஏற்றி நேராக்கியிருக்கிறார்கள். விளைவு, முன் இடதும் பின் வலதும் அதிக எடை தாங்கின, முன் வலதும் பின் இடதும் இலேசாகிவிட்டன. எடை குறைந்த வலது முன்சக்கரம் ஈரத்தில் முதலில் பூட்டாமல் வேறென்ன செய்யும்?

இதனால்தான் அளவுகோலை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன். உயரம் சரியாக இருந்தும் எடை தப்பாக இருக்க முடியும். மேஜையின் நான்கு கால்களில் எதிரெதிர் மூலைகள் இரண்டும் எடை தாங்க, மற்ற இரண்டும் சும்மா தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கலாம். பார்த்தால் மேஜை நேராகத்தான் தெரியும்.

பின் லீஃப் ஸ்பிரிங் இரண்டையும் ஜோடியாக மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதும் ஒத்துப்போகாது. அதற்கு அப்புறம்தான் முன் போல்ட்டுகளைத் தொட்டேன்.

இந்த போல்ட்டுகளுக்கு அவசரம் ஆகாது. கார் எடை முழுக்க அதன்மீது இருக்கும்போது, துரு பிடித்த மரையில் நீண்ட கைப்பிடி போட்டுத் திருகினால் மரை உரியும். நான் முந்தைய நாளே கம்பிப் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். மறுநாள் முன் குறுக்குச் சட்டத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்கள் தொங்கும்படி செய்தேன். தொங்கும்போது கம்பியில் முறுக்கு மிகக் குறைவு, போல்ட் கையோடு வரும். முதலில் தளர்த்தி வெளியே கொண்டுவந்து, மரையைத் துடைத்துக் கிரீஸ் பூசி, மறுபடி உள்ளே. உலோகம் கிரீச்சிடாமல் ஒரே சீரான எதிர்ப்போடு ஸ்பேனர் சுற்றும்போது கைக்கு நன்றாகத் தெரியும், இனி இது நம் சொல் கேட்கும் என்று.

அப்படியே கம்பிகளையும் பார்த்துவிடுங்கள். டார்ஷன் பாரின் மேற்பரப்பில் ஆழமான கீறலோ வெட்டோ இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். அதனால் பைப் ரெஞ்சு, பல் வைத்த பிளையர் எதையும் அதன்மேல் போடக் கூடாது. கழற்ற நேர்ந்தால் இடது இடதுக்கே, வலது வலதுக்கே. தொழிற்சாலையில் ஒரு திசையில் முறுக்கிப் பழக்கிய கம்பிகள் அவை. பக்கம் மாற்றிப் போட்டால் எதிர்த்திசையில் வேலை செய்யவேண்டி வரும்.

இடது போல்ட்டைத் தளர்த்தி, வலதை அதைவிட அதிகமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் இறக்கி, உருட்டி, ஆட்டி, அளந்தேன். ஒரு பக்கத்தைத் திருகினால் மறுபக்க அளவும் சற்று நகரும், அதனால் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் கொண்டுவர முடியும். அளவு வந்ததும் மறுபடி அதே ஜாக்கிச் சோதனை. இந்த முறை கார் எந்தப் பக்கமும் சாயவில்லை.

நிறையப் பேர் விட்டுவிடுவது அடுத்த வேலையைத்தான். கீழ் ஆர்மின் உள்முனையில் ரப்பர் புஷ் இருக்கிறது. அதன் உலோகக் குழல் இறுக்கியபின் சுழலாது, ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். பழைய உயரத்தில் இறுக்கிய நட்டை அப்படியே விட்டால், புதிய உயரத்தில் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும், உயரத்தையும் கொஞ்சம் இழுத்துப்பிடிக்கும். அதனால் கார் தன் சக்கரங்களில் நிற்கும்போது அந்த நட்டைத் தளர்த்தி, ஆட்டி, திரும்ப இறுக்க வேண்டும். ரேம்ப் இருந்தால் எளிது. இதைச் செய்தபிறகு உயரம் ஓரிரு மில்லிமீட்டர் மாறக்கூடும், மறுபடி ஒருமுறை அளந்துவிடுங்கள்.

வேலை முடிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, இவ்வளவு உசரம் எதுக்கு? ரெண்டு சுத்து இறக்கிவிடுங்க, கெத்தா இருக்கும்." இறக்கலாம்தான். தாழ்ந்த மூக்கு அழகு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் என்ன போகிறது என்று பாருங்கள். ஆர்முக்கும், அது மேலே வந்து இடிக்கும் தடுப்பான பம்ப் ரப்பருக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் சக்கரத்துக்கு மேலே போகக் கிடைக்கும் மொத்த இடம், 25 மி.மீ. இறக்கினால் அதில் கணிசமான பங்கு போய்விடும். சின்னக் குழியில்கூட ரப்பரில் இடிக்கும், அந்த நொடியில் ஸ்பிரிங் இல்லாத காருக்குச் சமம். இன்னொன்று கேஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். இந்தக் காரின் வீல்பேஸ் 108 அங்குலம், சுமார் 2743 மி.மீ. மூக்கு 25 மி.மீ. தாழ்ந்தால் உடல் முன்னோக்கி அரை டிகிரிக்குச் சற்றே மேல் சாயும், கேஸ்டரில் அதே அளவு குறையும். ரேடியலுக்கு முந்தைய வகையான பயாஸ் டயர் காலத்துக் கார்களுக்கு ஏற்கெனவே கேஸ்டர் குறைவு. ரேடியல் டயர் போட்டு, அதிலும் அரை டிகிரியை இழந்தால், நேர்ச்சாலையில் ஸ்டியரிங் அலைபாயும். அவனிடம் இதையெல்லாம் சொன்னேன், பம்ப் ரப்பர் இடைவெளியில் விரலை விட்டுக் காட்டினேன். "சரிண்ணா, வேண்டாம்" என்றான்.

உயரம் மாறினால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் அளவு) மாறும், அதனால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். வரிசையும் முக்கியம்: உயரம் முதலில், அலைன்மென்ட் பிறகு. தலைகீழாகச் செய்தால் அலைன்மென்ட்டுக்குக் கொடுத்த காசு வீண். அலைன்மென்ட் செய்பவரிடம் இரண்டு பக்கமும் ஒத்த கேஸ்டர், மேல் ஆர்மின் கேம் போல்ட்டுகளில் கிடைக்கிற அளவுக்கு அதிகமாக வைக்கச் சொல்லுங்கள். முடித்துவிட்டு வரும்போது ஹெட்லைட்டையும் ஒரு சுவரெதிரே பார்த்துவிட வேண்டும். மூக்கு உயர்ந்திருப்பதால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் போகும்.

புதிய லீஃப் ஸ்பிரிங் ஓட ஓடக் கொஞ்சம் அமரும். நான் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளந்தேன். பின்பக்கம் சற்றே இறங்கியிருந்தது, முன்பக்க அளவு அப்படியே நின்றது. ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் இப்போது இரண்டு முன்சக்கரமும் சேர்ந்தே இழுத்துப்பிடிக்கின்றன, வண்டி நேராக நிற்கிறது.