‘வாங்கு’ என்ற பொத்தானும் என் விளையாட்டுகளும்

யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்னும் கார்ப்பந்தய வீடியோ விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியபோது, தனியாக ஆடுவதற்கும் இணைய இணைப்பு கட்டாயம் என்றே அது வடிவமைக்கப்பட்டிருந்ததால், முழு விலை கொடுத்து வட்டாக வாங்கியவர்கள் கையிலும் வெறும் பிளாஸ்டிக் தகடே மிஞ்சியது. நான் அதை ஆடியவனல்லன். ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த பிறகு, இணையக் கடையில் வாங்கி என் கணக்கில் சேர்த்துள்ள விளையாட்டுகளை ‘என்னுடையவை’ என்று சொல்ல நாக் கூசுகிறது. நாம் பெறுவது பொருளன்று, விற்றவர் திரும்பப் பெறக்கூடிய உரிமம் மட்டுமே என்பது, யாரும் படிக்காத விதிமுறைகளுக்குள் வெகுகாலமாக இருந்துவருவதுதான்.

2025-இல் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியச் சட்டம் ஒன்று, இந்த உண்மையை வாங்கும் இடத்திலேயே தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. நல்லதுதான், ஆனால் அறிவிப்பு எந்தச் சர்வரையும் உயிரோடு வைத்திருக்காது. ஆதரவை நிறுத்தும் நாளில், இணைப்பின்றி ஆடுவதற்கான கடைசி அப்டேட் ஒன்றை வெளியிடுவது நிறுவனத்தின் கடமை என்றே நான் கருதுகிறேன். அதுவரை, இணையத்தைத் துண்டித்தாலும் விளையாட்டு திறக்குமா என்று விசாரித்த பிறகே பணம் செலுத்துவதாக முடிவெடுத்திருக்கிறேன். (தள்ளுபடிக் காலத்தில் இரண்டு முறை இந்த விரதம் முறிந்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.)