‘குடோஸ்’ பன்மைச் சொல் அன்று

சென்ற வாரம் நண்பர் ஒருவரின் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். உடன் பணியாற்றியவரைப் பாராட்டும் வரியில், ‘இவருக்கு இன்னொரு குடோ’ என்று பொருள்படும்படி அவர் எழுதியிருந்தார். ‘பாராட்டு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் ‘குடோஸ்’ என்பதன் கடைசி ‘ஸ்’ பன்மை விகுதி என்று கருதி, ஒருவருக்கு ஒன்று போதுமென அதை எடுத்துவிட்டிருக்கிறார். அந்த ‘ஸ்’ஸைத் திரும்பச் சேர்த்த பிறகும் அச்சொல் மனத்தை விட்டு அகலவில்லை.

குடோஸ் கிரேக்க மொழியிலிருந்து வந்த ஒருமைச் சொல். காஸ்மோஸ் (பிரபஞ்சம்), பாத்தோஸ் (உருக்கம்) ஆகியவற்றின் இறுதியில் இருப்பதைப் போன்ற ஈறுதான் இதிலும் இருக்கிறது. ஆனால் ‘ஒரு காஸ்மோ’ என்று எவரும் சொல்வதில்லை. கிரேக்க இலக்கியம் பயின்ற பிரிட்டானியப் பல்கலைக்கழக மாணவர்கள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைத் தங்களுக்குள் கொச்சை வழக்காகப் பயன்படுத்தினார்கள். கிரேக்கம் அறியாதவர்களிடமும் பரவியபோது ஈறு பன்மையாகத் தோன்றியதால், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் ‘குடோ’ பிறந்துவிட்டது. பட்டாணியைக் குறித்த ‘பீஸ்’ என்ற பழைய சொல்லும் இப்படித்தான் ‘பீ’ ஆயிற்று. மெரியம்-வெப்ஸ்டர் அகராதியே ‘குடோ’வுக்குத் தனிப் பதிவு அளித்திருக்கும்போது அதைப் பிழையென்று ஒதுக்கிவிட முடியாது, எனினும் நான் அவ்வாறு எழுத மாட்டேன்.

காரணம், பண்டைக் கிரேக்கக் கவி ஹோமரின் இலியட் காப்பியத்தில் இச்சொல்லுக்கு இருக்கும் கனம். அங்கே புகழுக்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்டல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த ‘கிளியோஸ்’, ஒருவன் மறைந்த பின்னும் பிறர் செவியில் ஒலித்துக்கொண்டிருக்கும் புகழ். ஒலி, புகழ் இரண்டுக்கும் ஒரே சொல்லாக நம்மிடம் ‘இசை’ இருப்பதால், தமிழர்க்கு இது எளிதில் விளங்கும். குடோஸோ வெல்லும் கணத்தில் வீரன்மேல் படியும் ஒளி. பெரும்பாலும் அதை ஒரு தெய்வம் அளிக்கும். ஒருவன் பெற்றால் அவன் எதிரி இழப்பான். டிராய் நகர மதிலைச் சுற்றி அந்நகர வீரன் ஹெக்டரைத் துரத்தும் கிரேக்க வீரன் அக்கிலீஸ், ஈட்டி எறிய முனையும் தன் படையினரைத் தலையசைத்துத் தடுத்துவிடுகிறான். வேறொருவன் ஹெக்டரை வீழ்த்தி அந்தக் குடோஸை அடைந்துவிட்டால், தான் இரண்டாமவனாகிவிடுவோம் என்பதே அவன் அச்சம். இருவர் பங்கிட்டுக்கொள்ள முடியாத ஒன்றைப் பற்றிய அச்சம் அது. அதைப் படித்தபின் ‘இரண்டு குடோ, மூன்று குடோ’ என்று எண்ண எனக்கு மனம் வருவதில்லை.

அதற்காக, அலுவலக மின்னஞ்சலில் எழுதப்படும் ‘குடோஸ்’ தரம் தாழ்ந்தது என்றும் நான் நினைக்கவில்லை. நேற்றிரவு முடித்த வேலைக்கு இன்று காலை கிடைக்கும் பாராட்டு, காலங்கடந்து நிற்கும் கிளியோஸ் அன்று. ஒருவர் ஒரு செயலை நன்றாகச் செய்துமுடித்த அந்த வேளைக்கு உரியது. பழைய பொருளின் ஒரு கீற்று அதில் எஞ்சியிருக்கிறது. நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: உச்சரிப்பது எப்படி? பிரிட்டானியர் ‘கியூடாஸ்’ என்பார்கள், அமெரிக்கர் பலர் ‘கூடோஸ்’ என்பார்கள், இரண்டும் சரியே என்றேன்.